மூன்று பெயர் கொண்ட வீடு

திருவனந்தபுரத்திலிருந்து அகத்தியர்கூடம் ஏறப் போகிறவர்களுக்கு வாசல் போனக்காடு. அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்று ஆளில்லாமல் கிடந்து 'பேய் பங்களா' என்று பெயர் வாங்கிவிட்டது. பௌதிகம் படித்தவனாகையால் பேயைப் பற்றி நான் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பழைய வீட்டுக்கு எந்தப் பெயர் நிலைக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். சென்னை மெரினா கடற்கரையில் உள்ள ஒரு வீட்டுக்கு மூன்று பெயர்கள் உண்டு. அங்கே ஏறக்குறைய கால் நூற்றாண்டு வாழ்ந்த நமது சமூகப் பெண்களை அந்த மூன்றில் ஒன்றுகூட நினைவூட்டுவதில்லை.

முதல் பெயர் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் நகர வியாபாரி ஃபிரெடரிக் டூடர், அங்கே குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய 180 டன்னில், நான்கு மாதம் கழித்துச் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்ததாம்! ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். மரத்தூள் அந்த வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. சூட்சுமம் அவ்வளவுதான். 1842-ல் சென்னையில் கட்டிய கிடங்குதான் இந்த வட்டக் கட்டடம். இயந்திரத்தில் ஐஸ் செய்யும் காலம் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது.

பின்னர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கி, ஜன்னல்களும் வராந்தாக்களும் வைத்து வீடாக்கி, நீதிபதி கெர்னன் நினைவாக 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கியதும், பிறகு ராமகிருஷ்ணானந்தர் இங்கு மடம் நடத்தியதும் அன்பர்கள் அறிந்ததே.

இனி நான் சொல்ல வந்தது. சகோதரி சுப்புலக்ஷ்மி 1886-ல் பிறந்தவர். பதினொரு வயதில் விவாகம். சிறிது காலத்திலேயே கணவர் காலமானார். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ஊர்வாய்க்கு அஞ்சாமல் படிக்க வைத்தார். 1911-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் தேறி, சென்னை மாகாணத்தின் முதல் ஹிந்துப் பெண் பட்டதாரி ஆனார். 1912-ல் சாரதா மகளிர் சங்கம் என்ற பெண்கள் சங்கத்தை நிறுவினார். இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்க, நாலைந்து பெண்களோடு சிறிய அளவில் ஆரம்பித்த விடுதி வளர்ந்தது; இடம் போதவில்லை. எதிரே ஒரு கைம்பெண் வந்தாலே சகுனத்தடை என்று திரும்பிய காலத்தில், அத்தனை பேருக்கும் வீடு கிடைப்பது லேசா? காலியாக இருந்த ஐஸ் ஹவுஸ் கைகொடுத்தது. அதே சாலையில் 1914-ல் ராணி மேரி கல்லூரியும் தொடங்கியிருந்தது.

என் தகப்பனாரின் அத்தை ஒன்பது வயதில் கைம்பெண்ணானவர். எழுபது வயதுவரை எங்கள் அகத்து அடுக்களையிலேயே இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. சென்னையில் இப்படி ஒரு வீடு இருந்த விஷயம் எங்கள் குடும்பத்தில் யார் காதிலும் விழவில்லையா, அல்லது விழுந்தும் பேசாமல் இருந்துவிட்டார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்ததையும், ஆசாரம் விடாமல் நடந்ததையும் இன்று குறை சொல்வோர் உண்டு. குறைதான். ஆனால் ஆசாரம் குலைந்தது என்ற பேச்சு வந்தால் எந்தத் தகப்பனும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டான். அங்கிருந்து படித்துப் போனவர்கள் ஆசிரியைகளாகிச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார்கள். சுப்புலக்ஷ்மி அம்மையாரே 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவியானார். 1958-ல் பத்மஸ்ரீ பெற்று, 1969-ல் காலமானார்.

விதவைகள் விடுதி 1941 வரை இங்கே நடந்தது. அதன் பிறகு ஆசிரியைப் பயிற்சி மாணவிகளின் விடுதி. 1963-ல் சுவாமிஜியின் நூற்றாண்டை ஒட்டி அரசாங்கம் சூட்டிய 'விவேகானந்தர் இல்லம்' என்பதே மூன்றாவது பெயர். 1997-ல் ராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கண்காட்சியும் நன்றாகவே நடக்கிறது. சுவாமிஜி தங்கியது சுமார் ஒன்பது நாட்கள். சென்னை போகும் அன்பர்கள் அவர் தங்கிய அறையைத் தரிசித்துவிட்டு, கடலைப் பார்க்கும் வராந்தாவிலும் சற்று நிற்கலாம்.