கடலில் இடம் அறிதல்: கருவியும் கணக்கும்

கரை பார்வையிலிருந்து மறைந்த பிறகு கப்பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் கலையின் வரலாறு, பெரும்பாலும் கருவிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. திசைகாட்டி வந்தது, அஸ்ட்ரோலேப் வந்தது, செக்ஸ்டண்ட் வந்தது, குரோனோமீட்டர் வந்தது, கடைசியில் செயற்கைக்கோள் வந்தது என்று பாடநூல்கள் சொல்லும். வரிசையில் பிழை இல்லை. ஆனால் இவற்றில் எந்தக் கருவியும் தானாக இடத்தைச் சொல்லிவிடாது. ஒன்று கோணத்தைத் தரும், இன்னொன்று நேரத்தைத் தரும், மற்றொன்று வடக்கு இருக்கும் திசையை ஏறக்குறையக் காட்டும். அந்த எண்ணைக் கடலின் மேல் ஒரு புள்ளியாக மாற்ற, யாரோ முன்கூட்டியே கணித்துச் சேர்த்து வைத்த அறிவு வேண்டும். அந்த அறிவு மீகாமனின் நினைவிலிருந்து அச்சுப் புத்தகத்துக்கும், புத்தகத்திலிருந்து எந்திரத்துக்கும் மாறிய வரலாறே இக்கலையின் உண்மையான வரலாறு என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இந்தியப் பெருங்கடலில் அரபு மாலுமிகள் கையாண்ட கமால் இதற்குத் தெளிவான சான்று. அது ஒரு சிறு மரப்பலகை. நடுவில் துளை, துளை வழியே முடிச்சுப் போட்ட கயிறு. சோழமண்டலக் கடற்கரையின் தோணிக்காரர்களிடமும் இதே வகைப் பலகை இருந்தது. இராப்பலகை எனப்பட்ட அதைப் பற்றிக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். கயிற்றின் ஒரு முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைப்பாகும்வரை பலகையை முன்னே நீட்ட வேண்டும். கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்தினால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் தோணி நிற்கிறது என்று பொருள். பலகையின் உயரம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சென்னைக்கான முடிச்சு பலகையிலிருந்து சுமார் 22 சென்டிமீட்டரிலும், நாகப்பட்டினத்துக்கான முடிச்சு 26 அல்லது 27 சென்டிமீட்டரிலும் விழும். முடிச்சு பொருந்தும்வரை வடக்கிலோ தெற்கிலோ ஓட்டிவிட்டு, பிறகு அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கித் திருப்பினால் துறைமுகம் வந்து சேரும். செலவென்று பார்த்தால் ஒரு துண்டு மரமும் நாலு முழக் கயிறும் போதும். அந்தக் கயிற்றில் முடிச்சு எங்கே விழ வேண்டும் என்ற அறிவுதான் விலைமதிப்புள்ளது. ஒவ்வொரு துறைமுகத்திலும் நின்று விண்மீனைப் பார்த்த ஒருவரால்தான் அதைப் போட முடியும்.

முடிச்சு மட்டுமே போதாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் இன்று வானத்தின் துருவத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 1500ஆம் ஆண்டு வாக்கில் அது ஏறக்குறைய மூன்றரைப் பாகை தள்ளி நின்று, துருவத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தவறான வேளையில் அளந்தால் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் வரை பிழை ஏற்படும். எனவே பக்கத்து விண்மீன்கள் எந்த நிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதும் மனப்பாடமாக இருந்தாக வேண்டும். வாஸ்கோ ட காமா 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் மலிந்தியில் ஏற்றிக்கொண்ட மீகாமனிடம் போர்த்துக்கீசியர் தங்கள் அஸ்ட்ரோலேப்பைக் காட்டியபோது அவர் கொஞ்சமும் வியக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் ஜொவாவ் த பாரோஸ் எழுதுகிறார். பாரோஸ் அந்தப் பயணத்தில் இருந்தவர் அல்ல. அவர் நூல் வெளிவந்தது 1552இல்தான். ஆனாலும் செய்தி நம்பத்தக்கதே. போர்த்துக்கீசியரிடம் புதிதாக இருந்தது அஸ்ட்ரோலேப் என்ற கோணமளக்கும் வளையம் அல்ல, அதனோடு கொண்டுவந்த சூரியச் சாய்வு அட்டவணை. ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் துருவ நட்சத்திரம் கடலுக்குள் மறைந்துவிட்டது. நண்பகல் சூரியனை வைத்து அட்சரேகை காண நாள்தோறும் மாறும் சூரியச் சாய்வு தெரிய வேண்டும். அந்தக் கணக்கை யூத வானியலாளர் ஆபிரகாம் சக்கூட்டோ செய்து வைத்திருந்தார். 1496இல் லெய்ரியா நகரில் அது அச்சேறியது.

திசைகாட்டி மட்டும் இந்த விதிக்கு விலக்காகத் தோன்றலாம். ஊசி வடக்கைக் காட்டுகிறது, அதற்கு என்ன அட்டவணை? சீன அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கிலேயே, ஊசி சரியாகத் தெற்கு வடக்காக நிற்பதில்லை என்று எழுதிவிட்டார். விலகல் இடத்துக்கு இடம் மாறும், காலப்போக்கிலும் மாறும். அதை அளக்கவே வானியலாளர் எட்மண்ட் ஹாலி பாரமோர் என்ற கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றிவந்து, 1701இல் சம விலகல் கோடுகளைக் கொண்ட வரைபடத்தை வெளியிட்டார். அந்த வரைபடம் கையில் இல்லாத ஊசி, நெடுந்தூரப் பயணத்தில் பல பாகை பொய் சொல்லும்.

தீர்க்கரேகை விஷயத்தில்தான் இந்த வாதத்துக்குப் பெரிய சோதனை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714இல், அரைப் பாகைக்குள் தீர்க்கரேகை காணும் வழிக்கு 20,000 பவுன் பரிசு அறிவித்தது. யார்க்‌ஷயர் தச்சர் ஜான் ஹாரிசன் வாழ்நாளெல்லாம் உழைத்து உள்ளங்கையளவுக் கடிகாரம் ஒன்றைச் செய்தார்; கணித வானியலர்கள் அவரைத் தடுத்தார்கள்; கடைசியில் கடிகாரம் வென்றது. இந்தக் கதை இப்போது எல்லோருக்கும் தெரியும். கணக்கை வென்ற கருவி என்று இதைச் சொல்வார்கள். நடந்ததை நெருங்கிப் பார்த்தால் கதை வேறுவிதமாகத் திரும்புகிறது. ஹாரிசனின் எச்4 கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் போய், 81 நாளில் சுமார் 5 விநாடியே பின்தங்கியது. அந்த 5 விநாடி என்பது கடிகாரத்தின் தினசரி ஓட்டப் பிழையைக் கழித்த பிறகு கிடைத்தது. அந்தப் பிழையின் அளவைப் பயணத்துக்கு முன்பே ஹாரிசன் தரப்பு எழுதித் தரவில்லை. கூடவே ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாது. இடம் தெரியாத துறைமுகத்தில் கடிகாரத்தைச் சோதித்து என்ன பயன்? பரிசை நிர்வகித்த குழு பணத்தை இழுத்தடித்தது அநியாயம்தான். ஆனால் இந்த இரண்டு ஆட்சேபமும் வெறும் பொறாமையில் எழுந்தவை அல்ல. அதனால்தான் 1764இல் நடந்த இரண்டாவது சோதனைக்கு, வானியலாளர் நெவில் மாஸ்கலைன் முன்கூட்டியே பார்படோஸுக்கு அனுப்பப்பட்டு, வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்து அத்தீவின் தீர்க்கரேகையைக் கணக்கிட வேண்டியிருந்தது. கடிகாரம் வென்றது என்று சொல்லவே வானியல் தேவைப்பட்டது.

மாஸ்கலைன் ஆதரித்த சந்திர தூர முறையோ முழுக்க முழுக்கக் கணக்கு. சந்திரன் விண்மீன்களுக்கிடையே மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது. ஒரு விண்மீனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து, காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதற்கும் சந்திரன் அருகில் இருப்பதற்கும் திருத்தம் செய்து, அந்தக் கோணம் கிரீனிச்சில் எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணையில் பார்த்தால் கிரீனிச் நேரம் கிடைக்கும். அதற்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்க்கரேகை: 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கோணத்தில் ஒரு நிமிடப் பாகை தவறினால் நேரத்தில் இரண்டு நிமிடம் தவறும், இடத்தில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தவறும். ஆரம்பத்தில் ஒரு கணக்குக்கே பல மணி நேரம் ஆனது. 1767ஆம் ஆண்டுக்கென வெளிவந்த நாட்டிகல் அல்மனாக் என்ற கடற்பஞ்சாங்கம், மூன்று மணிக்கொரு முறை சந்திர தூரங்களை அச்சிட்டுக் கொடுத்ததால், அது அரை மணி நேர வேலையாகச் சுருங்கியது. அந்த எண்களைப் போட்டவர்கள் இங்கிலாந்தின் சிற்றூர்களில் வீட்டிலிருந்தபடியே கூலிக்குக் கணக்குப் பார்த்தவர்கள். லட்லோ ஊரைச் சேர்ந்த மேரி எட்வர்ட்ஸ் அவர்களில் ஒருவர். முதலில் அவர் செய்த வேலை கணவர் பெயரில்தான் பதிவானது. ஒரே மாதத்தை இருவர் தனித்தனியே கணித்து, மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும். கடல் வரலாற்று நூல்களில் ஹாரிசனுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்று கூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கரையின் கணக்கு பிசகினால் துல்லியமான கடிகாரமும் அந்தப் பிசகைத்தான் சுமக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் வானியலோடு கப்பலோட்டத்துக்கும் பயன்படும் என்ற நோக்கத்தில் எழுந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகையே இந்திய நில அளவைக்கு ஆதாரப் புள்ளியாயிற்று. பிற்காலத்தில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டபோது, பழைய மதிப்பு சென்னையை இரண்டரை நிமிடப் பாகை அளவுக்குக் கிழக்கே தள்ளி வைத்திருந்தது தெரியவந்தது. தரையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர். அதுவரை அந்த எண்ணை நம்பிச் சென்னையில் குரோனோமீட்டரைத் திருத்திக்கொண்ட எந்தக் கப்பலுக்கும் அதே பிழை ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சொன்னதால் கருவி செய்தவர்களின் பங்கு சிறியது என்றாகாது. 1731இல் ஜான் ஹாட்லி காட்டிய இரட்டைப் பிரதிபலிப்பு ஆக்டண்ட், ஆடும் தளத்தில் நின்றபடியே விண்மீனையும் தொடுவானத்தையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தியது. அது இல்லாமல் சந்திர தூரத்தை அளந்திருக்கவே முடியாது. அட்டவணை அலமாரியில் தூங்கியிருக்கும். எதிர்முனையிலிருந்தும் ஒரு கேள்வி எழும்: அறிவே முதன்மை என்றால் கருவியே இல்லாமல் ஓட்ட முடியுமா? முடியும். மைக்ரோனேசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக், 1976இல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கருவி எதுவும் இன்றி ஓட்டிக் காட்டினார். விண்மீன் எழும் இடம், அலையின் போக்கு, பறவையின் பறப்பு எல்லாம் அவர் நினைவில் இருந்தன. மறுபக்கம், 1923 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் ஹோண்டா முனையில் ஏழு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பாறையில் மோதியதை எடுத்துக்காட்டி, அங்கே புதிய வானொலித் திசையறி கருவிதான் சரி, மனிதக் கணக்கே தவறு என்று வாதிடலாம். உண்மைதான். அங்கே தோற்றது அறிவு அல்ல. ஒரு கணக்கை இன்னொன்றோடு ஒத்துப் பார்க்காத பிடிவாதம்.

செயற்கைக்கோள் இந்த வாதத்தையே காலாவதியாக்கிவிட்டது என்பார் உண்டு. பொத்தானை அழுத்தினால் இடம் தெரிகிறது, இனி எதற்கு அட்டவணை? ஜிபிஎஸ் ஒவ்வொரு கணமும் அட்டவணை படிக்கும் கருவிதான். தான் எந்த நேரத்தில் எங்கே இருப்பேன் என்ற கணிப்பை ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. சார்பியல் காரணமாக அதன் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவிநாடி முந்துவதைத் திருத்தாவிட்டால் பிழை நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர் வீதம் பெருகும். பஞ்சாங்கம் ஒழியவில்லை, பெட்டிக்குள் போய்விட்டது. கண்ணில் படாததால் ஆபத்தும் கூடியது. 1995 ஜூன் மாதம் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பலில் ஜிபிஎஸ் ஆன்டெனா கம்பி கழன்றுகொண்டது. திசையையும் வேகத்தையும் மட்டும் வைத்து இடத்தை ஊகிக்கும் கணக்குக்குக் கருவி தானாக மாறியதை ஒரு நாளுக்கும் மேலாக யாரும் கவனிக்கவில்லை. பாதையிலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. 1990களின் இறுதியில் விண்மீன் வழி இடமறியும் பயிற்சியைக் கைவிட்ட அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கூடம், செயற்கைக்கோள் சமிக்ஞைகளை எதிரிகள் குலைக்கக்கூடும் என்ற கவலையில் 2015இல் அதை மறுபடியும் பாடத்தில் சேர்த்தது.