கடலில் இரவு தங்க இடம் தேடுதல்: ஒஸ்லோ நீரிணையில் கற்றவை

நோர்வேயில் வாழும் எங்கள் குடும்பங்களில் சிறு படகு வைத்திருப்போர் இப்போது பெருகிவிட்டனர். கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் ஒஸ்லோ நீரிணையில் இறங்கி, தீவு தீவாகப் போய் இரவும் படகிலேயே தங்குகிறோம். பகல் ஓட்டம் எளிது. இரவு எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி.

ஒரு கோடையில் வாலர் தீவுகளில், தெற்கே வாய் திறந்த அழகான குடா ஒன்றில் நங்கூரமிட்டோம். கடல் குளம்போல் கிடந்தது. நள்ளிரவுக்குப் பின் தெற்குக் காற்று எழும்பியது. நங்கூரம் இழுபட்டு, படகின் அடி பாறையில் தட்டியது. இருட்டில் பாக்குநீரிணை கடந்து வந்த பெரியம்மா, பேரப்பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "காத்து எங்கால வருமெண்டு பாத்துத்தான் ஊரில வள்ளம் கட்டுறவை." அன்று நாங்கள் பார்த்தது பிற்பகல் வானிலையை மட்டும். இரவுக் காற்றைப் பார்க்கவில்லை.

காலையிலேயே தெரிவு செய்யுங்கள்

புறப்படுமுன் 'யர்' வானிலைச் சேவையில் மறுநாள் காலைவரை காற்றின் திசையைப் பாருங்கள். கோடையில் பகலில் தெற்கிலிருந்து கடற்காற்று வீசி, மாலையில் பெரும்பாலும் அடங்கும். காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இந்த ஒழுங்கு குலையும். இரவுக் காற்றுக்கு நிலம் மறைப்பாக இருக்கும் இடமே நல்ல இடம். ஹாங்க்யோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான ஒடுங்கிய நீர்வழி மேற்குக் காற்றுக்கு நல்ல ஒதுக்கு. எப்போதும் இரண்டாவது இடம் ஒன்றையும் குறித்து வையுங்கள். இருட்ட இரண்டு மணிநேரம் முன்பே போய்ச் சேருங்கள்.

நங்கூரம்

மணலும் களியும் நங்கூரத்தைப் பிடிக்கும். வழுக்குப் பாறையும் கடற்புல்லும் பிடிக்காது. கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும். ஆழம் 5 மீற்றர், படகின் முன்பக்க உயரம் 1 மீற்றர் என்றால் 30 மீற்றர் கயிறு. அன்று நாங்கள் விட்டது 15 மீற்றர்தான்.

நங்கூரம் போட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக இயக்கி, அது பிடித்ததா எனப் பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் ஒரு பாறையையும் அடையாளம் வைத்து, அரை மணிநேரம் கழித்தும் படகு அதே இடத்தில் நிற்கிறதா எனச் சரிபாருங்கள். படகு சுற்றிவர இடம் இருக்கட்டும். இரவு முழுவதும் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு எரியட்டும்.

ஒஸ்லோ நீரிணையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. வடநோர்வேக்குப் போனால் அது 2, 3 மீற்றர்வரை மாறும். அங்கே கயிற்றின் அளவைப் பெருக்கு நேர ஆழத்துக்கே கணக்கிடவேண்டும்.

உரிமையும் ஒழுங்கும்

1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டப்படி, குடியிருப்பில்லாத கரையில் குறுகிய நேரம் படகு கட்டலாம். அங்குள்ள இரும்பு வளையங்களையும் பயன்படுத்தலாம். தனியார் இறங்குதுறைக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். கரையில் கூடாரம் அடித்தால், ஆட்கள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும். கடற்பறவைக் காப்பிடங்களில் ஏப்ரல் 15 முதல் யூலை 15 வரை இறங்கக்கூடாது. 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணியவேண்டும்.

ஐயமிருந்தால் துறைக்குப் போங்கள்

சூன், ஒஸ்கார்ஷ்போர்க், ஷேர்ஹால்டன் ஆகிய இடங்களில் விருந்தினர் துறைகள் உண்டு. 'யெஸ்தெஹாவ்ன்' என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் கட்டவேண்டும், கோடையில் இடமும் விரைவில் நிரம்பும். ஆனாலும் காற்றுப் பலக்கும் இரவில், குழந்தைகளும் முதியவர்களும் கூட இருக்கும்போது, அதுவே மேல்.

மூடிய அறைக்குள் அடுப்பையோ எரிவாயுச் சூடாக்கியையோ எரியவிட்டு உறங்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. கடலில் ஆபத்தென்றால் தொலைபேசியில் 120, வானொலியில் 16ஆம் அலைவரிசை. இரண்டையும் படகில் எழுதி ஒட்டிவையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகும் பெரியம்மா எங்களோடு கடலுக்கு வருகிறார். இப்போது நங்கூரம் இறக்குமுன் காற்று எந்தப் பக்கம் என்று அவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறோம்.