தேனும் தேனீயும்: நான்கு வினாக்களின் சொல்வரலாறு

1. முன்னுரை

தேனைப் பற்றிப் பொதுமக்கள் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் நான்கினுள் அடங்கும். தேன் பூவிலேயே இருக்கின்றதா, அல்லது தேனீ அதனை ஆக்குகின்றதா? அதனை ஆக்கும் உயிர் எது? தேன் எத்தனை வகைப்படும்? கூட்டின் தலைமை ஆணுக்கு உரியதா, பெண்ணுக்கு உரியதா? இவற்றுக்கு உயிரியல் தெளிவான விடைகளைத் தந்துள்ளது. ஆயினும் அவ்விடைகளைத் தமிழில் எழுதப் புகுவோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். தமிழில் உள்ள சொற்கள் இவ்விடைகளைக் காட்டிலும் பழமையானவை. ஒவ்வொரு சொல்லும் அவ்வக்காலத்து மக்கள் கண்டறிந்த ஒரு விடையைத் தன்னுள் கொண்டிருக்கிறது. புதிய விடையைப் பழைய சொல்லில் பெய்யும்போது பொருள் சிதைவதும் உண்டு. பழைய பாடலைப் புதிய சொல்லால் பெயர்க்கும்போது பாடல் சிதைவதும் உண்டு. இந்நான்கு வினாக்களின் வழியே அச்சொற்களின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எடுப்பதா, ஆக்குவதா?

பூவில் ஊறும் இனிய நீரையும் கூட்டில் தேங்கும் பொருளையும் தமிழ் ஒரே சொல்லால் வழங்குகிறது. 'பூவிலுள்ள தேனை வண்டு உண்டது' என்கிறோம். 'கூட்டிலிருந்து தேன் எடுத்தனர்' என்றும் கூறுகிறோம். இரண்டும் வேறு பொருள்கள். பூவில் ஊறுவது நீர் மிகுந்த சர்க்கரைக் கரைசல். தேனீ அதனைத் தன் தேன்பையில் ஏந்திக் கூட்டுக்குக் கொணர்கிறது. அங்கு அது ஒரு தேனீயின் வாயிலிருந்து மற்றொன்றின் வாய்க்கு மாறுகிறது. அப்போது கலக்கும் நொதி கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிக்கிறது. பின்னர் அறைகளில் இடப்பட்ட நீர்மத்தைத் தேனீக்கள் சிறகால் விசிறி வற்றச்செய்து, முதிர்ந்தபின் மெழுகால் மூடுகின்றன. பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்சு, பொதுவாகத் தேனின் நீர்ப்பங்கு நூற்றுக்கு 20-க்கு மேற்படலாகாது என வரையறுக்கிறது.

இவ்வேறுபாட்டைப் பழையோர் அனைவரும் அறிந்திலர். அரிசுடாட்டில் தேன் வானிலிருந்து பனிபோல இறங்குவது என்றும், தேனீ அதனைத் திரட்டுவதன்றி ஆக்குவதில்லை என்றும் கருதினார். பிளினியும் ஏறத்தாழ இக்கருத்தினரே. இதற்கு மாறாகச் சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் இயலில் வரும் உவமை, பல மரங்களின் சாறுகளைத் திரட்டி ஒரே சாறாக்கும் உயிராகத் தேனீயைக் காட்டுகிறது. அங்குப் பூவில் இருப்பது 'ரசம்', விளைவது 'மது', ஆக்குவது 'மதுக்ருத்', அதாவது மதுவைச் செய்வது. மூன்று பொருள்களுக்கு மூன்று சொற்கள் உள்ளமை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. தமிழ் நிகண்டுகள் வண்டின் பெயர்களுள் ஒன்றாகக் கொண்ட 'மதுகரம்' என்பதும் 'மதுவைச் செய்வது' என்னும் பொருளதே.

தமிழ் மரபு ஆக்கத்தை அறியாததன்று. அவ்வறிவு பெயர்ச்சொல்லில் இல்லை; வினைச்சொல்லில் உள்ளது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் உண்டாவதை 'இழைத்தல்' என்னும் வினையால் குறிக்கிறது. இழைத்தல் என்பது நுட்பமாகச் செய்தல். பொன்னை இழைப்பதும் நூலை இழைப்பதும் இவ்வினைக்கு உரியன. அப்பாட்டில் இழைக்கும் உயிரின் பெயர் வெளிப்படையாக இல்லை. உரைகாரர் வண்டினை எழுவாயாக வருவித்துப் பொருள் கொண்டனர். ஆங்கிலத்தில் பெயர்த்தோரும் தேனீயை வருவித்தே பெயர்த்தனர். இங்கு 'இழைத்தல்' என்பதனைச் 'சேகரித்தல்' எனப் பெயர்த்தால், புலவர் கண்டறிந்த ஓர் உண்மை மறைந்துவிடும்.

இதே தடுமாற்றம் அறிவியற் பெயரிலும் நிகழ்ந்தது. லின்னேயசு 1758-இல் ஐரோப்பியத் தேனீக்கு 'ஏப்பிசு மெல்லிபெரா' எனப் பெயரிட்டார். 'மெல்லிபெரா' எனின் தேனைச் சுமப்பது. தேனீ சுமப்பது தேன் அன்று என்பதனை உணர்ந்து 1761-இல் அவரே அதனை 'மெல்லிபிகா', அதாவது தேனைச் செய்வது, என மாற்றினார். எனினும் பெயரீட்டு விதிகளின்படி முற்பட்ட பெயரே நிலைபெற்றது. பொருந்தாப் பெயர் என அறிந்தும் உலகம் அதனையே வழங்கி வருகிறது.

3. ஆக்குவது எது?

வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பூவை நாடும் உயிர்களுக்குச் சங்க இலக்கியத்தில் பல பெயர்கள் உள்ளன. இவற்றுள் ஞிமிறு என்பது 'மிஞிறு' எனவும் வழங்கியது. எழுத்து நிலைமாற்றத்துக்கு இலக்கண உரைகள் காட்டும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. இவை ஒரே உயிரின் பல பெயர்களா, பல இனங்களின் தனிப்பெயர்களா என்பது பற்றி உரைகள் ஒருபடித்தாக இல்லை. சில இடங்களில் உரையாசிரியர்கள் இவற்றைச் சாதி வேறுபாடாகக் கொண்டனர்; நிகண்டுகள் பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன.

இச்சொற்களின் பொருள் பிற்காலத்தில் பெரிதும் இடம்பெயர்ந்துள்ளது. தொல்காப்பிய மரபியல் நான்கறிவு உயிராக நண்டுடன் சேர்த்து எண்ணும் தும்பி, இன்றைய வழக்கில் நீர்நிலைகளின் மேல் பறக்கும், நீண்ட வாலுடைய தட்டானைக் குறிக்கிறது. 'வண்டு' என்பதும் விலங்கியல் நூல்களில் கடினமான மேற்சிறகுடைய பூச்சியினத்துக்கு உரிய கலைச்சொல்லாகிவிட்டது. இதனால் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் விளிக்கும் தும்பியை இன்றைய மாணவர் தட்டானாக எண்ண இடமுண்டு. பூந்தாதை ஆராய்ந்து திரியும் வாழ்க்கையை உடையதாக அப்பாட்டு அதனைக் கூறுகிறது. தட்டானோ பிற பூச்சிகளைப் பிடித்துண்பது, பூவை நாடுவதன்று. ஆங்கிலத்தில் அதனைத் தேனீ எனப் பெயர்த்தோர் இன்றைய அகராதிப் பொருளை விட்டுப் பாட்டின் பொருளைப் பற்றினர். அதுவே நேரிது.

'தேனீ' என்பது தேன், ஈ என்னும் இரு சொற்களின் கூட்டு. தெலுங்கின் 'தேனெடீக', மலையாளத்தின் 'தேனீச்ச', இந்தியின் 'மதுமக்கீ' ஆகியனவும் இவ்வகையினவே. இவை உயிரைத் தனியே பெயரிடாமல், ஈயின் ஒரு வகையாகக் கருதி, அதன் விளைபொருளால் அடையாளப்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் உயிருக்கும் விளைபொருளுக்கும் தொடர்பற்ற இரு சொற்கள் உள்ளமையோடு இதனை ஒப்பிடலாம்.

இதனினும் பழமையான நிலை ஒன்று உண்டு. 'தேன்' என்னும் சொல்லே பொருளையும் உயிரையும் ஒருங்கு குறித்தது. காப்பியங்களில் 'தேன்' வண்டினத்துள் ஒன்றன் பெயராக வருகிறது. 'பிரசம்' என்பதற்கும் தேன், தேன்கூடு, வண்டு என மூன்று பொருள்களும் உண்டு. கன்னடத்தின் 'ஜேனு' இன்றளவும் இவ்விரு பொருளிலும் வழங்குகிறது. ஆதலால் பழம்பாடலில் 'தேன்' வருமிடத்தில் அது உண்ணப்படுவதா, பாடுவதா என்பதனை வினைமுற்றைக் கொண்டே துணிய வேண்டும்.

இலக்கணத்திலும் இச்சொல் தனி இடம் பெற்றது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'தேன்' பிற சொற்களோடு புணர்வதற்கெனத் தனி நூற்பாக்களை வகுத்தார். தேன்குடம், தேக்குடம் என்னும் இரு வடிவமும் அவ்விதிகளால் அமைந்தன. கூட்டைக் குறிக்கும் 'இறால்' வருமொழியாகும்போது நிகழும் புணர்ச்சியையும் அவர் தனித்துக் கூறினார். 'தேத்திறால்' என்பது அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. மிகுவழக்கில் இருந்த சொற்களுக்கே இத்தகைய தனிவிதி தேவைப்படும். தேனெடுத்தல் அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்ததற்கு இவ்விதியும் ஒரு சான்றெனலாம். பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன என்று கபிலர் புறநானூற்றின் 109ஆம் பாட்டில் எண்ணும் நான்கனுள் தேனும் ஒன்று.

4. எத்தனை வகை?

தேனை வகைப்படுத்துவதில் வடமொழி மருத்துவ நூல்களும் தமிழ் வழக்கும் வேறு வேறு நெறியின. சரகம் நான்கு வகையும் சுசுருதம் எட்டு வகையும் கூறுகின்றன. மாட்சிகம், பிராமரம், சௌத்திரம், பௌத்திகம் முதலிய அப்பெயர்களுள் பெரும்பாலானவை தேனை ஆக்கும் உயிரின் பெயரடியாகப் பிறந்தவை. தமிழ் வழக்கோ கூடு அமையும் இடத்தை அடிப்படையாகக் கொள்கிறது. மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன் என்பன அவ்வாறு அமைந்தன. சித்த மருத்துவ நூல்களும் இப்பெயர்களை ஆண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் கூறுகின்றன.

இடத்தால் வகுப்பது அறிவுக் குறை போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. தென்னிந்தியத் தேனீக்களுள் பாறைத் தேனீ உயர்ந்த மரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் ஒற்றை அடையைத் திறந்தவெளியில் கட்டும். இது மலைத்தேனுக்கு உரியது. சிறு தேனீ புதர்க் கொம்பில் ஒற்றை அடை கட்டும். இது கொம்புத்தேனுக்கு உரியது. இந்தியத் தேனீ பொந்தினுள் இணையாகப் பல அடைகளைக் கட்டும். இதனை அடுக்குத் தேனீ என்பதும் உண்டு. கொடுக்கு வலுவற்ற கொசுத்தேனீ சுவரிடுக்கிலும் பொந்திலும் வாழும். எனவே இடத்தைச் சொன்ன அளவில் இனத்தையும் பெரும்பாலும் சொல்லியதாகிறது. மலையாளத்தில் பெருந்தேன், கோல்த்தேன், சிறுதேன் என்பனவும், கன்னடத்தில் ஹெஜ்ஜேனு, கோலுஜேனு என்பனவும் இனங்களின் பெயர்களாகவே வழங்குகின்றன. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டிலும் 'பெருந்தேன்' என்னும் சொல் உண்டு. அதனை மலையாள வழக்கைக் கொண்டு பாறைத் தேனீ எனத் துணிவது மிகையாகும். எனினும் ஒப்பு நோக்கத்தக்கது.

இப்பகுப்பு தேனீ வளர்ப்பின் வரலாற்றையும் விளக்குகிறது. பொந்தில் பல அடை கட்டும் இனமே பெட்டியில் அமையும். வெளியில் ஒற்றை அடை கட்டுவது அமையாது. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கேற்ப வடிவமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமப் பணி இத்தொழிலைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. சட்டம், புழு அறை, தேன் அறை முதலிய சொற்கள் இத்தொழிலோடு வழக்குப் பெற்றன. ஐரோப்பியத் தேனீ 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்றது. 1991-இல் தென்னிந்தியாவில் பரவிய, புழுக்களைத் தாக்கும் நச்சுயிரி நோய் இந்தியத் தேனீக் கூடுகளைப் பேரளவில் அழித்தபின் அது தெற்கிலும் பரவியது. இதன் விளைவு சொல்லிலும் காணப்படுகிறது. மலை, கொம்பு, பொந்து என இடத்தால் பெயர் பெற்றவை இன்று 'இந்தியத் தேனீ', 'இத்தாலியத் தேனீ' என நாட்டால் பெயர் பெறுகின்றன.

5. அரசனா, அரசியா?

பிரச்ன உபநிடதத்தில் உயிர்மூச்சின் தலைமைக்கு ஓர் உவமை வருகிறது. தேனீக்களின் அரசன் எழும்போது அனைத்தும் எழுவதும், அமரும்போது அமர்வதும் அங்குக் கூறப்படுகின்றன. மூலத்தில் உள்ளது ஆண்பாற் சொல்லாகிய 'ராஜன்'. மாக்ஸ் முல்லர் 1884-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அது அரசியாகியது. இராபர்ட்டு ஹியூம் 1921-இல் அதனை அரசனாகவே வைத்தார். முன்னவர் உயிரியலுக்கு உண்மையாக இருந்தார். பின்னவர் மூலத்துக்கு உண்மையாக இருந்தார்.

மூல ஆசிரியர் தவறினார் என்பது இதனால் பெறப்படாது. அரிசுடாட்டிலும் வர்ச்சிலும் தலைமைத் தேனீயை அரசனென்றே எழுதினர். 1586-இல் எசுப்பானியரான மெந்தெசு தெ தொர்ரெசு அது முட்டையிடும் பெண் என்றார். 1609-இல் சார்லசு பட்லர் பெண்ணரசு என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். சுவாமர்டாம் உருப்பெருக்கியின் துணையால் அதன் சூலகத்தைக் காட்டினார்; அவருடைய ஆய்வு அவர் மறைந்தபின் 1737-38-இல் முழுமையாக வெளிவந்தது. இவ்வரலாற்றுக்கு முற்பட்ட நூலில் அரசியைப் புகுத்துவது காலமுரணாகும். மூலத்தின்படி அரசன் எனப் பெயர்த்து, வேண்டுமாயின் குறிப்பெழுதுவதே முறை.

தமிழின் 'இராணித் தேனீ' ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. அதுவும் முழு உண்மையைச் சொல்லவில்லை. அவ்வுயிர் ஆள்வதில்லை, முட்டையிடுகிறது. உருசியரும் போலந்து மக்களும் அதனைத் தாய் எனப் பொருள்படும் 'மாத்கா' என்கின்றனர். பழைய ஆங்கிலத்திலும் தேனீத்தாய் எனப் பொருள்படும் சொல் வழங்கியது. தமிழில் 'தாய்த் தேனீ' என்பது பொருளால் பொருத்தமுடையது. ஆயினும் நூல்களிலும் தொழிலிலும் இராணி என்பது வேரூன்றிவிட்டமையால், அதனை மாற்ற முயல்வதில் பயன் குறைவு.

6. முடிவுரை

மேற்கண்டவற்றுள் மூன்று வினாக்களில் பழைய சொல்லால் பெருந்தீங்கு விளைவதில்லை. முதல் வினாவில் நிலை வேறு. கோடெக்சு நெறி, மலரில் ஊறும் இனிய நீரிலிருந்தும் செடிகளின் பிற கசிவுகளிலிருந்தும் தேனீக்கள் ஆக்கும் இயற்கை இனிப்புப் பொருளைத் தேன் என்கிறது. இதனைத் தமிழாக்கும்போது 'மலரின் தேனிலிருந்து தேனீக்கள் ஆக்குவது தேன்' என எழுதினால் வரையறை தன்னையே சுற்றுகிறது. சர்க்கரைப் பாகு கலந்த பொருளைத் தேனென விற்பதைத் தடுக்கும் சட்டம் வரையறையின் வலிமையிலேயே நிற்பது. மூலப்பொருளும் விளைபொருளும் ஒரே பெயர் பெறுமாயின், வாங்குவோர் எதனைக் கேட்டுப் பெறும் உரிமையுடையர் என்பதே மயங்கும்.

'மலர்த்தேன்', 'பூந்தேன்' என்னும் கலைச்சொற்கள் இம்மயக்கத்தை நீக்கா. அவற்றின் தலைச்சொல் தேனே. மேலும், குறித்த ஒரு பூவிலிருந்து ஆக்கப்பட்ட தேனையும் அவை சுட்டக்கூடும். 'மலர்ச்சாறு' என்பது பிழிந்தெடுத்த சாற்றை நினைவூட்டுகிறது. வேளாண் நூல்கள் ஆளும் 'மதுரம்' இக்குறைகள் அற்றது; இனிமையைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று பொருட்பெயராவது தமிழுக்குப் புதிதுமன்று. சட்ட நூல்களிலும் பாடநூல்களிலும் பொட்டலக் குறிப்புகளிலும் மலரில் ஊறுவதனை மதுரம் என்றும், கூட்டில் முதிர்ந்ததனை மட்டுமே தேன் என்றும் வரையறுத்து ஆளுதல் தகும். இலக்கியத்தில் இவ்வரையறையைப் புகுத்த வேண்டுவதில்லை. அங்குத் தேன் பூவிலும் கூட்டிலும் பாடும் சிறகிலும் ஒருங்கே வாழ்ந்த சொல். மொழிபெயர்ப்பாளர் அதனை இடமறிந்து பிரிக்கலாமேயன்றி, முன்னரே பிரித்து வைத்தல் ஆகாது.