ஒளிரும் பிறபொருளெதிரியும் கலவாங்கிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் உள்ளன என்று இன்று பாடநூல்கள் ஐயமின்றிக் கூறுகின்றன. ஆயின், அவற்றைப் பற்றிய எண்ணம் முதலில் ஓர் ஊகமாகவே தோன்றிற்று. 1897 இல் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், கலங்கள் கொண்டுள்ள 'பக்கச் சங்கிலிகள்' நச்சுப்பொருள்களைப் பற்றிக்கொள்கின்றன என்றும், மிகையாக உற்பத்தியாகிக் குருதியிற் கழன்று சேரும் அச்சங்கிலிகளே பிறபொருளெதிரிகள் என்றும் கருதினார். 1905 இல் கேம்பிரிட்ஜ் உடற்றொழிலியலாளர் ஜோன் லாங்லி, நிக்கொற்றினும் குராரேயும் தசையிற் தொழிற்படும் வகையை ஆராய்ந்து, தசையில் ஓர் 'ஏற்கும் பொருள்' இருத்தல் வேண்டும் என முடிவு செய்தார். இருவரும் விளைவைக் கொண்டு காரணத்தை உய்த்துணர்ந்தனரேயன்றி வாங்கியைக் கண்டாரல்லர். உய்த்துணரப்பட்ட அப்பொருள் கண்ணாற் காணப்படும் பொருளாக மாறிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு வாங்கிகளைத் தேடியதால் தொடங்கியதன்று. ஒரு நோயைப் பற்றிய வினாவிலிருந்தே தொடங்கியது. 1939 இல், ஹாவாட் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அல்பேட் கூன்ஸ் (1912–1978) பேர்லினில் தங்கியிருந்தார். மூட்டுவாதக் காய்ச்சலால் இறந்தோரின் இதயத்திற் காணப்படும் சிறுகணுக்கள் அவரது சிந்தனையை ஈர்த்தன. ஸ்திரெப்தோகொக்கசுப் பற்றீரியாவின் கூறுகள் அங்குத் தங்க, அவற்றைப் பிறபொருளெதிரிகள் தாக்குவதால் அக்கணுக்கள் உண்டாகின்றன என்ற கொள்கை அன்று நிலவிற்று. எனினும், அக்கூறுகள் அங்கு இருப்பதை எவரும் காட்டியிருக்கவில்லை. பிறபொருளெதிரி தனக்குரிய பிறபொருளை மட்டுமே தேடிப் பிணையும் இயல்பினது. அவ்வாறாயின், அதற்குக் காணத்தக்க ஓர் அடையாளத்தை இணைத்துவிட்டால், பிறபொருள் மறைந்திருக்கும் இடத்தை அதுவே காட்டாதா? இதுவே கூன்ஸின் எண்ணம்.

சாயமூட்டும் முயற்சி முற்றிலும் புதியதன்று. 1934 இல் ஜோன் மரக், செந்நிறச் சாயம் பிணைத்த பிறபொருளெதிரிகளால் பற்றீரியாக்களுக்கு நிறமூட்டியிருந்தார். ஆனால், மெல்லிய இழைய வெட்டில் உள்ள சிறிதளவு பிறபொருளைக் காட்ட அந்நிறம் போதுமானதன்று. இருண்ட புலத்தில் ஒளிரும் சிறு புள்ளியோ எளிதிற் கண்ணுக்குப் புலப்படும். எனவே கூன்ஸ் புளோரொளிர்வை நாடினார். ஹாவாட் இரசாயனவியலாளர் லூயிஸ் ஃபீசரின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிரீச், ஜோன்ஸ் ஆகியோரின் துணையுடன் அந்திரசீன் சேர்வையொன்றைப் பிறபொருளெதிரியுடன் பிணைத்தார். 1941 இல் வெளியான அவ்வாய்வில், கழியூதாக் கதிரின் கீழ் நியூமோகொக்கசுப் பற்றீரியாக்கள் நீலமாக ஒளிர்ந்தன. எனினும் இழையங்களும் இயல்பாகவே நீல ஒளியை உமிழ்வனவாதலால், எது பிறபொருள், எது இழையம் எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. இத்தடையை நீக்கப் பச்சை ஒளி தரும் புளோரசீன் தெரிந்தெடுக்கப்பட்டது. 1942 இல், தொற்றுக்குள்ளான சுண்டெலிகளின் இழையங்களில் நியூமோகொக்கசுப் பிறபொருள் இருந்த இடங்கள் காட்டப்பட்டன.

போர்க்காலப் படைச்சேவையால் தடைப்பட்ட பணியைக் கூன்ஸ் பின்னர் மீண்டும் தொடங்கினார். 1950 இல் மெல்வின் கப்லனுடன் அவர் வெளியிட்ட ஆய்வு, முறையைச் செம்மைப்படுத்தியதுடன் அதற்குரிய ஒழுங்குகளையும் வகுத்தது. ஒளிர்வதெல்லாம் உண்மையாகாது. சாயமேற்றிய புரதம் தகாத இடங்களிலும் ஒட்டக்கூடும்; ஆகையால் ஈரற்பொடியால் அது முன்னரே உறிஞ்சி நீக்கப்பட்டது. சாயமற்ற பிறபொருளெதிரியை முதலில் இட்டால் ஒளி தடைப்படுகின்றதா என்பதும் சோதிக்கப்பட்டது. 1954 இல் தோமஸ் வெல்லருடன் கூன்ஸ் மறைமுக முறையைக் கையாண்டார். இதில் முதற் பிறபொருளெதிரி சாயமின்றி இடப்படும். அதனையே பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரி ஒளியைத் தாங்கும். ஒன்றின்மீது பல பிணைவதால் ஒளி மிகும். புளோரசீன் ஐசோசயனேற்றைத் தயாரிக்க நச்சுவாயுவாகிய பொஸ்ஜீன் தேவைப்பட்டமை பெருந்தடையாயிருந்தது. 1958 இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தினர் உறுதியான ஐசோதயோசயனேற்றைப் பயன்படுத்தியதன் பின்னரே இம்முறை எங்கும் பரவிற்று.

இதன் பின்னரே கலமேற்பரப்பு தன் இரகசியங்களை வெளியிட்டது. 1970 இல் ஃபிறை, எடிடின் என்போர் மனிதக் கலத்தையும் சுண்டெலிக் கலத்தையும் ஒன்றிணைத்து, இருவகைப் புரதங்களையும் பச்சை, சிவப்பு ஒளிகளால் அடையாளப்படுத்தினர். தொடக்கத்திற் பிரிந்து நின்ற இரு நிறங்களும் ஏறத்தாழ 40 நிமிடங்களில் முற்றாகக் கலந்தன; மென்சவ்வு அசைவற்ற சுவரன்று என்பது புலனாயிற்று. அதே ஆண்டில் மார்ட்டின் ராஃபும் துணைவரும் சில நிணநீர்க்குழியங்களின் மேற்பரப்பிற் பிறபொருளெதிரி மூலக்கூறுகள் வாங்கிகளாக அமைந்திருப்பதைக் காட்டினர். ஏர்லிக் எல்லாக் கலங்களுக்கும் உரியதெனக் கருதியது, பீ வகைக் குழியங்களுக்கு உரியதாக மெய்ப்பட்டது எனலாம்.

கண்டது மட்டும் போதாது, எண்ணவும் வேண்டும். 1969 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் லெனாட் ஹேர்சன்பேர்க் குழுவினர், ஒளிரும் கலங்களை ஒவ்வொன்றாக அளந்து பிரிக்கும் கருவியை அமைத்தனர். 1975 இல் கோலர், மில்ஸ்ரைன் ஆகியோர் ஒரே இலக்கை மட்டும் பற்றும் ஒற்றைமரபுப் பிறபொருளெதிரிகளை உருவாக்கினர்; அதற்காக 1984 இல் நொபெல் பரிசு பெற்றனர். இவ்விரண்டும் இணைந்தமையாலேயே, 1981 இல் எயிட்ஸ் நோய் அறியப்பட்டபோது எவ்வகைக் குழியங்கள் அருகின என்பதை எண்ணிக் கூற முடிந்தது. 1984 இல், அக்குழியங்களின் சீடி4 மூலக்கூறே வைரசின் வாங்கி என்பதும் வெளியாயிற்று.

கூன்ஸ் பேர்லினில் எழுப்பிய வினா என்னவாயிற்று? 1962 இல் கப்லன், ஸ்திரெப்தோகொக்கசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மனித இதய இழையத்தையும் பற்றும் என இம்முறை கொண்டே காட்டினார். இதயத்திற் பற்றீரியாக் கூறு தங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. இதயமே பிறபொருளெனத் தவறாகக் கொள்ளப்படலாம். வினா எதிர்பார்த்த விடை ஒன்று. கருவி காட்டியது வேறொன்று. தான் விரும்பியதை அன்றி, உள்ளதையே காட்டும் கருவிதான் அறிவியலுக்குப் பயன்படும். அவ்வொளியை ஐயத்துடன் நோக்கிச் சோதிக்கும் பழக்கமும் அக்கருவியின் ஒரு பகுதியே என்பது ஆய்வுகூடம் புகும் மாணவர் மறத்தலாகாது.