கல்லில் இறங்காத கை

ரவிவர்மாவைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. அவர் காலண்டர்க்காரர் என்பது ஒன்று. கடவுளர்க்கு முகம் தந்த மேதை என்பது மற்றது. இரண்டில் எதைச் சொல்கிறவரானாலும் அவர் பெரும்பாலும் ரவிவர்மா தீட்டிய ஒரு படத்தைக்கூட நேரில் பார்த்தவரல்ல. பார்த்தது அச்சுப் பிரதியை. ஒரு நாவலைக் கதைச்சுருக்கத்தில் படித்துவிட்டு விமர்சிக்க இலக்கியத்தில் யாரும் துணியமாட்டார்கள். ஓவியத்தில் இதுவே வழக்கமாகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்பதற்கு ரவிவர்மாவின் சரித்திரமே நல்ல சாட்சியம்.

1862இல், பதினாலு வயதில், அவர் கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வருகிறார். தைல வர்ணத்தில் தேர்ந்தவர் என்று அங்கே இருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் தம் வித்தையைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என்று வரலாறு. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும், தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்ததோடு சரி. கற்பிக்கவில்லை.

எதற்காக இவ்வளவு கட்டுக்காவல்? தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சு ஏற்றி, தங்க ரேக்குப் பதித்து, ஒளி ஊடுருவாத வர்ணத்தை இட்டு நிரப்புகிறார்கள். அங்கே வர்ணம் அடுத்த வர்ணத்தின் பக்கத்தில் உட்காருகிறது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணமோ மெதுவாகக் காய்கிறது. ஈரத்திலேயே ஒரு சாயலை இன்னொன்றில் கரைக்கலாம். காய்ந்த பிறகு மேலே மெல்லிய படலங்களை ஏற்றலாம். ஒளி அந்தப் படலங்களுக்குள் புகுந்து, அடித்தளத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. தோலின் கதகதப்பும் பட்டின் மடிப்பும் இந்த ஊடுருவலால் உண்டாகிறவை. நாயக்கர் பூட்டிவைத்தது இதைத்தான்.

இப்படி அரும்பாடுபட்டுப் பிடித்த சாதனத்தை ரவிவர்மா 1894இல் வேறொரு சாதனத்திடம் ஒப்படைத்தார். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடலாம் என்று யோசனை சொன்னவர் சர் டி. மாதவ ராவ். ரவிவர்மா பம்பாயிலேயே அச்சகம் போட்டார். இயந்திரங்களை இயக்க ஜெர்மானியத் தொழிலாளர்கள் வந்தார்கள். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு.

கல்லச்சு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர் கண்டுபிடித்தது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை தடவினால், கோடு மட்டும் மையை ஏற்கும். ஈரம் மையைத் தள்ளிவிடும். வர்ணப்படம் என்றால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல். மூலப்படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த வர்ணம் எத்தனை புள்ளி என்று பிரித்து, இடவலம் மாற்றிக் கல்லில் இடுகிறவன் அச்சகத்துக் கலைஞன். கடைசியில் வார்னிஷ் பூசி, கேன்வாஸின் நெசவுத் தடத்தையும் தாளில் அழுத்திவிட்டால் அது ஒலியோகிராஃப். தைல ஓவியம் என்று மயங்கச் செய்யும் வேஷம் அது. ஊடுருவும் ஒளி அங்கே கிடையாது. தட்டையான புள்ளிகள் அருகருகே நிற்கின்றன. நாயக்கரின் ரகசியம் கல்லில் இறங்கவில்லை.

கல்லச்சையே குறை சொல்வதற்கில்லை. அச்சகம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1891இல், பாரிஸில் துலூஸ்-லோத்ரெக் மூலான் ரூஷுக்கான சுவரொட்டியை நேராகக் கல்லச்சுக்கென்றே வரைந்தார். தட்டை வர்ணத்தை அவர் குறையாக எண்ணவில்லை. அதையே மொழியாக்கிக்கொண்டார். அந்தத் தாள் எதற்கும் நகல் அல்ல, அதுவே மூலம். பிரதிகள் பல என்பதால் ஒன்று நகலாகிவிடுவதில்லை. கலைஞனின் கை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதே கேள்வி. லோத்ரெக்கின் கை கல்வரை போயிற்று. ரவிவர்மாவின் கை கேன்வாஸோடு நின்றது.

ஆனாலும் சரித்திரம் வேறு திசையில் நடந்தது. பிரதியெடுக்கும் இயந்திரம் கலைப்பொருளின் தனித்த ஒளிவட்டத்தைத் தேய்த்துவிடும் என்று 1936இல் எழுதினார் வால்டர் பெஞ்சமின். இங்கே மூலம் மன்னர்களின் சுவரில் தொங்கியது. பிரதி பூஜை அறைக்குப் போய்க் குங்குமமும் கற்பூரப் புகையும் பெற்றது. லட்சுமியின் சேலைமேல் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டி, ஆயிரத்தில் ஒன்றாக வந்த தாளைத் தம் ஒரே லட்சுமியாக்கிக்கொண்டார்கள் வீட்டார். ஒளிவட்டம் பிரதிக்குக் கிடைத்தது. ரவிவர்மாவுக்குக் கிடைத்தது நஷ்டம். மளவளிக்கு மாற்றிய அச்சகத்தை, 1900களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். 1906இல் மறைந்தார்.

பிறகு வந்த தீர்ப்புகளையும் இதை வைத்தே அளக்க வேண்டும். நாடகத்தன்மை என்று ஆனந்த குமாரசாமி சாடினார். வர்ணம் பகட்டு என்று பின்னால் பலரும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல. உருவத்தின் நிலையும் கையசைவும் கல் வழியாகச் சேதமில்லாமல் வந்துவிடுகின்றன. ஆகவே நாடகத்தன்மை என்ற குற்றச்சாட்டு கேன்வாஸின் மீதே நிற்கிறது. அதற்கு ரவிவர்மா பதில் சொல்லியாக வேண்டும். வர்ணம் அப்படி வருவதில்லை. பகட்டு என்ற குற்றச்சாட்டுக்குக் கல்லும் மையும் பதில் சொல்லட்டும். நம் விமர்சனம் இந்த இரண்டையும் ஒரே தாளிலிருந்து படித்து ஒரே ஆளின் தலையில் கட்டியது.

சிறுபத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. நாம் கொண்டாடிய ஓவியம் பெரும்பாலும் கோட்டோவியம். காரணம் ரசனை மட்டுமல்ல. லைன் பிளாக்கில் துத்தநாகத் தகடு கறுப்பு, வெள்ளை இரண்டைத்தான் அறியும். பேனாக் கோடும் அதே இரண்டைத்தான் அறியும். அதனால் ஆதிமூலத்தின் காந்தி கோடுகள் மிகக் குறைந்த இழப்போடு நம்மிடம் வந்து சேர்ந்தன. பின்னாளில் அவர் பெரிய கேன்வாஸ்களில் நிகழ்த்திய வர்ண அரூபங்கள் அப்படி வரவில்லை. 2008இல் அவர் மறைந்தபோது தமிழ் வாசகனின் மனதில் இருந்தவர் கோடுகளின் ஆதிமூலம். பாதி ஓவியரைத் தேர்ந்து நம்மிடம் கொடுத்தது அச்சகம்.

இன்று மைத்தெளிப்பு இயந்திரம் எந்தக் கேன்வாஸையும் ஏமாற்றும் துல்லியத்தில் அச்சிடுகிறது. எண் போட்டு, கையெழுத்திட்டு விற்கிறார்கள். துல்லியம் கூடக் கூட, எங்கே கை நின்றது என்று கேட்பது இன்னும் அவசியமாகிறது. ஒரு சிறு காரியத்திலிருந்து தொடங்கலாம். படத்தை அச்சிடும்போது அடியில் ஓவியர் பெயரைப் போடுகிறோம். சாதனத்தையும் அளவையும் போடுவதில்லை. ஆறடிக் கேன்வாஸ் உள்ளங்கை அகலத்தில் வந்திருக்கிறது, தைலம் மையாகியிருக்கிறது என்று வாசகனுக்குத் தெரியட்டும். தான் எதைப் பார்க்கவில்லை என்று அறிந்தவன் தீர்ப்புச் சொல்லுமுன் கொஞ்சம் தயங்குவான்.