கப்பலேறிய ஹாஜிகளின் கைமூட்டை

 

விடுமுறைக் காலங்களில் குடும்பத்துடன் சுற்றுலாக் கப்பலில் செல்லும் வழக்கம் இன்று நம் மக்களிடையேயும் பரவி வருகிறது. அத்தகைய கப்பல்களில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். அவை அறை வந்து சேரச் சில மணி நேரமாகும். அதுவரை கையோடு இருக்கும் சிறிய பைதான் துணை. ஆகவே எதைப் பெட்டியில் வைப்பது, எதைக் கையில் வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்வி புதியதன்று. கடல் கடந்து ஹஜ்ஜுக்குச் சென்ற முன்னோர் அனைவரும் இதற்கு விடை தேடியே மரக்கலம் ஏறினர்.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே கடற்பயணத்தின் மூட்டை மார்க்கச் சட்டத்தின் பொருளாகியிருக்கிறது. ஒரு மனிதர் நபிகளாரிடம் வந்து, தாங்கள் கடலில் செல்லும்போது சிறிதளவு தண்ணீரே எடுத்துச் செல்வதாகவும், அதில் ஒளூச் செய்தால் குடிக்கத் தண்ணீர் இல்லாமற்போகும் என்றும் கூறி, கடல்நீரில் ஒளூச் செய்யலாமா எனக் கேட்டார். கடல்நீர் தூய்மையானது என்று நபிகளார் விளக்கமளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸை ஒளூவின் பாடத்தில் ஓதுகிறோம். இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. கையிருப்பில் எது உயிருக்கு இன்றியமையாததோ அதைக் காத்து, மாற்று வழி உள்ளதற்கு மாற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அது.

யமன் நாட்டு மக்களுள் சிலர், தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, வழிச்செலவுக்கு எதுவும் எடுக்காமல் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினர். அவர்கள் தொடர்பாகவே, பயணத்துக்குத் தேவையானதைச் சேகரித்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. தக்வாவே மேலான கட்டுச்சோறு என்று அவ்வசனம் கூறுகிறது. ஆனால் அது கட்டுச்சோற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி வரலாற்றைப் பார்ப்போம். அந்தலுஸின் கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டு, ஜெனோவா நாட்டவரின் கப்பலில் அலெக்ஸாந்திரியா வந்து சேர்ந்தார். அங்கே சுங்க அதிகாரிகள் பயணிகளின் மூட்டைகள் அனைத்தையும் இறக்கிக் குவித்துச் சோதித்தனர். இடுப்புக் கச்சைக்குள்ளும் கைவிட்டுத் தேடினர். வேறு பொருள் உண்டா எனச் சத்தியம் வாங்கினர். அந்த நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமற்போயின என்று அவர் வருந்தி எழுதியுள்ளார். பின்னர் செங்கடலின் ஐதாப் துறையிலிருந்து ஜித்தாவுக்கு அவர் ஏறிய படகில் ஓர் ஆணியும் இல்லை. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. கூலிக்கு ஆசைப்பட்ட படகுக்காரர்கள், கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அமரச் செய்தனர். அந்நிலையில் மடியில் அடங்கியது மட்டுமே ஒருவருடைய சாமான்.

இப்னு பதூதாவின் அனுபவம் இதனினும் கடுமையானது. தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக், சீனப் பேரரசருக்கான பரிசுகளுடன் அவரைத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் அவருடைய உடைமைகள் அனைத்தும் கப்பலில் ஏற்றப்பட்டன. ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையிலேயே தங்கினார். அதன்பின் புயல் வீசியது. பரிசுகள் இருந்த பெரிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றது. அவர் கையில் எஞ்சியவை பத்துத் தீனார்களும் படுக்கும் விரிப்பும் மட்டுமே.

பின்னர் இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கி, நம் தமிழகக் கரைக்கு வரும் வழியில் அவருடைய கப்பல் மீண்டும் புயலில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். கரையிலிருந்து படகில் வந்தவர்கள் அவரைக் காப்பாற்றினர். மதுரை சுல்தானின் நாட்டில் சில காலம் இருந்துவிட்டு மேற்குக் கரையில் கப்பலேறியபோது கடற்கொள்ளையர் சூழ்ந்து, இலங்கை மன்னர் அளித்த இரத்தினங்கள் உட்பட யாவற்றையும் பறித்தனர். உடுத்தியிருந்த காற்சட்டையைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. கோழிக்கோட்டை அடைந்தபோது ஒருவர் ஆடையும் ஒருவர் தலைப்பாகையும் கொடுத்து உதவினர். புகாராவில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அக்கொள்ளையில் போயின. 1355இல் நிறைவுபெற்ற அவருடைய பயண நூல், பெரும்பாலும் நினைவிலிருந்து சொல்லப்பட, இப்னு ஜுஸை என்பவரால் எழுதப்பட்டதாகும். கப்பலில் போட்டவை போயின. நெஞ்சில் இருந்த கல்வியை மட்டும் எந்தக் கொள்ளையனாலும் எடுக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய செய்தி இது.

நீராவிக் கப்பல்களின் காலம் வந்ததும் அச்சம் குறைந்தது. ஆனால் கைமூட்டையின் தேவை குறையவில்லை. நம் பகுதி ஹாஜிகள் பலர் ரயிலேறிப் பம்பாய் சென்று, முசாபர்கானாவில் தங்கி, முகல் லைன் நிறுவனத்தின் கப்பல்களில் ஜித்தாவுக்குப் பயணமாயினர். பெரிய டிரங்குப் பெட்டிகள் கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். மேல்தளத்தில் பாய், தண்ணீர்க் கூஜா, சிறு மூட்டை ஆகியவற்றோடு இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு நோய்த்தடுப்பு நிலையம் அமைத்தது. காலரா பரவாதிருக்கும் பொருட்டு அங்கே ஹாஜிகளை இறக்கிக் குளிக்கச் செய்து, அவர்களுடைய துணிகளை நீராவியில் இட்டுச் சுத்திகரித்தனர்.

அப்பயணத்தின் முக்கியமான வேளை, கப்பல் யலம்லம் எல்லையை நெருங்கும் வேளையாகும். அங்கே ஹாஜிகள் குளித்து, இஹ்ராம் அணிந்து, தல்பியா முழங்குவர். இஹ்ராம் துணியை அடித்தளப் பெட்டியில் வைத்தவர் அந்நேரத்தில் என்ன செய்வார்? அதனால்தான் மூட்டை கட்டும்போதே அத்துணியை மேலாக வைத்தனர். பலர் தங்கள் கபன் துணியையும் உடன் எடுத்துச் சென்றனர். திரும்பி வருவது உறுதியில்லை என்பதை அறிந்தே அவர்கள் புறப்பட்டனர். இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றது.

கப்பல் நின்றாலும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. இன்று விமானம் மீக்காத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. ஹஜ் அல்லது உம்ரா செய்ய நாடியவர் இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தால், திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் குர்பானி கொடுத்துப் பரிகாரம் காண வேண்டும். இஹ்ராம் துணி பெட்டியில் போய்விட்டதே என்று நிய்யத்தையே தள்ளிப்போடுவது பெரும் பிழையாகும். வேட்டி கிடைக்காதவர் காற்சட்டை அணியலாம் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதன் விவரங்களைப் புறப்படும் முன்பே ஆலிம்களிடம் கேட்டறிவது நலம். அதனினும் நலம், வீட்டிலேயே இஹ்ராம் துணியை உடுத்திச் செல்வது, அல்லது கைப்பையில் முதலாவதாக வைப்பது.

ஹஜ்ஜாயினும் உம்ராவாயினும் குடும்பத்தோடு செல்லும் கடற்சுற்றுலாவாயினும், கைப்பையில் இருக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றே. கடவுச்சீட்டும் அதன் நகலும், நாள்தோறும் உண்ணும் மருந்துகளும் மருத்துவரின் சீட்டும், மூக்குக்கண்ணாடி, சிறிதளவு பணம், ஒரு மாற்றுடை, குழந்தைகளுக்கான உணவு, தொழுகை விரிப்பு, கிப்லாவை அறியும் கருவி ஆகியவை போதும். சர்க்கரை நோயுள்ள பெற்றோரின் இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பெட்டி தாமதித்தால் துணியின்றி ஒருநாள் இருக்கலாம். மருந்தின்றி இருக்க இயலாது.

கைப்பையில் வைக்காமல் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. கொடுக்கல் வாங்கல் விவரம் எழுதிய வஸிய்யத்தே அது. வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. கபன் துணியோடு கப்பலேறிய முன்னோர் இதையும் மறக்கவில்லை. அது அச்சத்தால் செய்ததன்று, பிறர் உரிமையைப் பேணுவதற்காகச் செய்தது.

கனமான பெட்டியைச் சுமக்கக் கூலியாள் கிடைப்பார். கைமூட்டையை நாமே சுமக்க வேண்டும். நம் பயணங்களை அல்லாஹு தஆலா இலேசாக்கி, தக்வா எனும் கட்டுச்சோற்றை நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.