பெரியவுடையாரின் குலம்: பிஞ்சோரில் நிகழ்ந்த ஒரு மீட்பு

பிராட்டியைக் காக்கப் போராடிச் சிறகிழந்து வீழ்ந்த ஜடாயு மஹாராஜரைப் ‘பெரியவுடையார்’ என்று வழங்குவது பூருவாசாரியர்களின் மரபு. அவருக்குப் பெருமாள் செய்தருளிய ஸம்ஸ்காரமே பெரிய நம்பி மாறனேரி நம்பிக்குச் சரம கைங்கர்யம் செய்தபோது ப்ரமாணமாக நின்றது. திருப்புட்குழி திவ்யதேசமும் அங்குள்ள ஜடாயு தீர்த்தமும் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றன.

ஆரண்ய காண்டத்தில் இதற்குச் சற்று முன்னுள்ள கட்டமும் கருதத்தக்கது. குருதி தோய்ந்து கிடந்த பறவையைக் கண்டதும், பிராட்டியைத் தின்ற அரக்கன் இவனே என்று ஐயுற்றுப் பெருமாள் வில்லில் அம்பு தொடுத்தார். காக்க முயன்றவரே கொன்றவராகத் தோன்றினார். அடிபட்டவர் வாய் திறந்த பின்னரே உண்மை விளங்கிற்று.

ஜடாயுவின் இனமாகிய பாறுகளின் அண்மைக்கால வரலாற்றிலும் இத்தகைய மயக்கம் ஒன்று நேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கழுத்துத் தொங்கி அமர்ந்திருந்து மடிவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் பதிவு செய்தார். நோயுற்ற பறவைகளைப் பேணி ஆராய்வதற்காக 2001இல் அக்கழகமும் ஹரியானா வனத்துறையும் பிஞ்சோரில் ஒரு நிலையம் அமைத்தன. பின்னர் இனப்பெருக்க மையமாக வளர்ந்த அந்நிலையம் ஜடாயுவின் திருநாமத்தையே தாங்கியுள்ளது.

தொற்றுநோயே காரணம் என்று முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் உண்மையை வெளியிட்டனர். கால்நடைகளின் வலி தீர்க்கத் தரப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி நின்று, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சிருந்தாலே பேரழிவு நேரும் என்று கணக்கிடப்பட்டது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தன.

இங்கே தீங்கு பகையினால் வந்ததன்று. பசுவின் வலி பொறாத இரக்கத்தினால் வந்தது. ஒரு ஜீவனிடம் காட்டிய கருணை, விளைவை அறியாமையால் மற்றொன்றுக்கு நஞ்சாயிற்று. ஆகவே நோயுற்ற பறவையை எடுத்துப் பேணுவது மட்டும் போதவில்லை. வெளியே மருந்து மாறாதவரை, தேறிய பறவையும் அதே நஞ்சுக்கே திரும்பும். 2006இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் மாற்றாக அமைந்தது. பின்னர் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியனவும் 2023இல் தடை செய்யப்பட்டன.

பிஞ்சோரில் மீட்பு மெல்லவே நடந்தது. பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு இனம் பெருக்கும் பருவத்தை அடைய ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகும். முதல் முட்டையை எடுத்து அடைகாப்பானில் பொரிக்கவைத்து, இணையை மீண்டும் முட்டையிடச் செய்யும் முறையும் கையாளப்பட்டது. அங்கே வளர்ந்த வெண்முதுகுப் பாறுகள் 2020இல் வெளியே விடப்பட்டன. நிலையம் தொடங்கி அதற்குள் 19 ஆண்டுகள் கடந்திருந்தன.

தமிழகத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இவ்வினம் இன்னும் வாழ்கிறது. கோசாலை நடத்தும் மடங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் இதில் பங்குண்டு. பசுவுக்கு மருந்திடுமுன் அது பாறுக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்பது கோரக்ஷணத்திற்குப் புறம்பானதன்று. பெரியவுடையாருக்குப் பெருமாள் செய்ய இயன்றது இறுதிக் கைங்கர்யமே. அவர் குலத்திற்கு உயிரோடிருக்கும்போதே செய்யத்தக்க கைங்கர்யம் இன்னும் எஞ்சியுள்ளது.